மாடிப்படிக்குக் கீழே வைத்த பெட்டி

1. இரண்டு தவணை

"சேர், றஸீனா ராத்தா ரெண்டு தவண வரல்ல. இண்டைக்கும் வராட்டி மூணு. உங்கட கொம்பியூட்டரால வந்த வேல இது. நீங்களே ஒருக்கா வாங்க."

ஒரு திங்கட்கிழமை காலை சிஸ்டர் ஃபரீதா தொலைபேசியில் இப்படிச் சொன்னார். எங்கள் ஊர் டயலிசிஸ் நிலையத்தின் தலைமைத் தாதி அவர். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

றஸீனா அட்டாளைச்சேனையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வந்து இரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர். வீட்டில் தையல் வேலை. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சிறுநீரகம் நின்றுபோனவர் ஒரு தவணை தவறினால் உடம்பில் நீர் ஏறும். இரண்டு தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவதுக்கு என்ன ஆகும் என்று ஃபரீதா எனக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். முந்திய செவ்வாய்க்கிழமை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் ஓடியது. கணினித் திரையை யாரோ ஃபோனில் எடுத்த படம். முப்பத்துச் சொச்சம் நோயாளிகளின் பெயர், விலாசம், கடைசிக் கட்டத்தில் 'ஹெபடைடிஸ் பி' என்ற ஈரல் தொற்று. எல்லாப் பெயருக்கும் நேரே 'இல்லை'. ஒரே ஒரு பெயருக்கு நேரே 'ஆம்'. புதன் காலை, றஸீனாவின் மூத்த மகளுக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள். சம்பந்தம் வேண்டாமாம். அன்று தொடங்கி றஸீனா வாசற்படி தாண்டவில்லை.

அந்தப் படம் வெளியே போன வழியை அமைத்தவர்களில் நானும் ஒருவன். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாதி ஊர் மேல், மீதி என் மேல்.

2. மஷூராவில் பேசியதும் பேசாததும்

கொழும்பில் ஓர் இணையச் சேவைக் கொம்பனியில் இருபத்துநான்கு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தவன் நான். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள்தான் எனக்குச் சோறு போட்டன. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது பள்ளிவாசல் நிர்வாகத்தார் டயலிசிஸ் நிலையம் கட்டி முடிக்கும் நிலையில் இருந்தார்கள். கணினி வேலையைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

மூன்று கணினிகள் தேவை. ஒன்று முன் மேசைக்கு, தாதிமார் பதிவு எழுதவும் அச்சடிக்கவும். ஒன்று சேர்வர், நோயாளி விபரங்களைச் சேமித்து வைக்க. ஒன்று ஃபயர்வோல், வெளி இணையத்துக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் நடுவில் நிற்க. நிர்வாகத்தார் கூடிப் பேசும் ஆலோசனைக் கூட்டமான மஷூராவில் நான் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். முன் மேசைக்கு உபுண்டு லினக்ஸ்: தமிழ் எழுத வரும், பிரிண்டர் கொம்பனிகள் அதற்கு டிரைவர் தருகின்றன, யாரும் ஒரு நாளில் பழகலாம். சேர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி: அதிலுள்ள ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஸ்னப்ஷொட் எடுத்து வைக்கலாம், ஏதாவது அழிந்தால் முந்திய நிலைக்குத் திரும்பலாம். ஃபயர்வோலுக்கு ஓபன்பிஎஸ்டி: தேவையில்லாத சேவை எதுவும் தானாக ஓடாது, விதிகளைச் சாதாரண வாக்கியம்போல வாசிக்கலாம், ஒன்றைத் திறக்க வேண்டுமானால் மனிதன் உட்கார்ந்து எழுதித்தான் திறக்க வேண்டும்.

இவ்வளவும் சரி. பிழை அடுத்த வாக்கியத்தில் வந்தது. கூடியிருந்தவர்களைப் பயமுறுத்தக் கூடாதென்று, "இதெல்லாம் ஒரே குடும்பம்தான், கட்டளையெல்லாம் கிட்டத்தட்ட ஒண்டுதான்" என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் ஊர்களில் பொது இடத்துப் பொருள் எதிலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். மின்விசிறி, தண்ணீர்த்தாங்கி, வாங்கு, எல்லாவற்றிலும் 'மர்ஹூம் இன்னாரின் நினைவாக, ஸதகா ஜாரியா' என்று எழுதியிருக்கும். அந்தப் பொருள் பயன்படும் காலமெல்லாம் மௌத்தாகிப்போன வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ நன்மை போய்ச்சேரும் என்பது நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. என் உம்மாவின் பெயரிலும் பள்ளிவாசலில் ஒரு தண்ணீர்த்தாங்கி நிற்கிறது.

ஆனால் பலகை என்றால் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். முன் மேசைக் கணினியைப் பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் தன் வாப்பாவின் பெயரில் தந்தார். கண்ணாடிக் கதவு போட்ட அறையில் நிற்கும் சேர்வரை அரிசி மில் முதலாளி ஒருவர் தந்தார். ஃபயர்வோல் இருக்கப்போவது மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாறும் பினாயில் போத்தலும் வைக்கிற அலுமாரியில். அதற்கு ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசியில் யாரோ ஒருவருடைய ஒபிஸில் கழித்துவிட்ட பழைய கணினி வந்தது. அதில் உபுண்டு ஏற்கெனவே போட்டுக் கிடந்தது.

ஹாஜியாரின் மருமகன் இம்தியாஸ் தோஹாவில் கணினிப் பாதுகாப்பு வேலை செய்கிறவர். கெட்டிக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். தன் லெப்டொப்பிலேயே ஓபன்பிஎஸ்டிதான் வைத்திருக்கிறார். லீவில் வந்திருந்த அவர் மாமாவின் கணினியில் அதையே போட்டுக் கொடுத்துவிட்டார்.

"ஹாஜியார், அது வாசலுக்கு எழுதினது. முன் மேசைக்கு இல்ல" என்றேன் அடுத்த மஷூராவில்.

"இம்தியாஸ் செல்லுறார், ஒலகத்துலயே ஆகக் காவலானது அதுதானாம். அப்ப அது முன்னுக்கு இரிக்கிறதுதானே மருவாதி. வாப்பாட பேரும் அவடத்ததான் வருது."

"காவல் தேவ முன்னுக்கு இல்ல ஹாஜியார், படிக்குக் கீழதான்."

"ஒரே குடும்பம் எண்டு நீங்கதானே அண்டைக்குச் செல்லின. ஒரே குடும்பத்துப் புள்ளையள் எங்க இருந்தா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செயலாளர் எழுதிக்கொண்டார். கூட்டத்தை முடிக்க நபிகள் மேல் ஸலவாத்து ஓதினார்கள். ஸலவாத்து ஓதி முடிந்த பிறகு வாய் திறப்பது மஷூராவை முறிப்பது. அதை யாரும் செய்ய மாட்டார்கள். நானும் செய்யவில்லை. டீ வந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

திறப்பு விழாவன்று என் கையில் மைக்கைத் தந்தார்கள். மைக் கிடைத்தால் நாக்கு நீளும். "உங்கட ரிப்போர்ட் ஒண்டும் தொலையாது. எது அழிஞ்சாலும் நேத்து இருந்தபடியே திருப்பி எடுக்கலாம்" என்றேன். முன் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"எல்லாத்தையுமா சேர்?"

"ஓம், எல்லாத்தையும்."

றஸீனாவை நான் முதல் முதல் பார்த்தது அன்றைக்குத்தான்.

3. ஸ்டிக்கர்

டயலிசிஸில் இரத்தத்தை வடிகட்டும் குழாய் போன்ற ஒரு சாமான் இருக்கிறது. அங்கே அதைக் கழுவி, அதே நோயாளிக்குத் திரும்பவும் பாவிக்கிறார்கள். ஒருவருடையது இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது. அதனால் ஒவ்வொன்றிலும் பெயரும் இலக்கமும் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஹெபடைடிஸ் உள்ளவருக்குத் தனி மெஷின், தனிச் சாமான். ஆகவே ஸ்டிக்கர் பிரிண்டர் அந்த இடத்தில் மருந்தைப் போல அவசியம்.

வாங்கியிருந்த ஸ்டிக்கர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது. ஓபன்பிஎஸ்டிக்கு இல்லை. முன் மேசைக் கணினி ஒரு ஸ்டிக்கர்கூட அடிக்கவில்லை. இம்தியாஸ் தோஹாவிலிருந்து வட்ஸ்அப்பில் நீள நீளமான கட்டளைகளை அனுப்பினார். ஊசி குத்திக்கொண்டிருக்கும் தாதி கையுறையைக் கழற்றிவிட்டு அவற்றைத் தட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஃபரீதா இரண்டு வாரம் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதி ஒட்டினார். கழுவும்போது மை கரைந்தது. அவர் பயந்துபோனார். பயப்படாவிட்டால்தான் நான் அவரைக் குறை சொல்லியிருப்பேன்.

அப்போது செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. படிக்குக் கீழே கிடப்பது உபுண்டுதானே, பிரிண்டரை அதில் செருகினால் என்ன? செருகினார்கள். அடித்தது. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். பெயர்ப் பட்டியலை அந்தக் கணினிக்குக் கொண்டுபோக ஒரு ஃபோல்டரைத் திறந்து விட்டார்கள். கையுறையோடு பாஸ்வேர்ட் தட்ட முடியாது என்பதால் பாஸ்வேர்ட் இல்லாமல். நாலு மணித்தியாலம் காத்திருக்கிற சொந்தக்காரருக்கென்று கொடுத்திருந்த இலவச வைஃபையும் அதே கணினியிலிருந்துதான் போனது. வைஃபைக்காரர் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி நான் எழுதி வைத்திருந்த விதிகள், ஃபோல்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டிருந்தன.

வாசலில் நிற்க வேண்டிய பெட்டி இப்போது எழுதுவினைஞர் வேலை பார்த்தது. வாசலில் எவரும் இல்லை.

இளம் பிள்ளைகளே, நீங்கள் இதை வாசித்துவிட்டு உபுண்டு கூடாது என்று எழுதப் போகிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். ஒழுங்காக அமைத்தால் அதுவும் நல்ல ஃபயர்வோல்தான். ஓபன்பிஎஸ்டியிலும் குறையில்லை, இம்தியாஸ் மாதிரி ஒருவருக்கு அது நல்ல மேசைக் கணினி. வேலையைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்து உட்கார வைத்ததுதான் குற்றம்.

அடுத்த கிழமை நான் போனபோது படிக்குக் கீழே பிரிண்டர் இருப்பதைக் கண்டேன்.

"சிஸ்டர், இது கூடாது."

"அப்ப எங்க அடிக்கிற சேர்? நீங்களே செல்லுங்க."

பதில் எனக்குத் தெரியும். முன் மேசையிலும் படிக்குக் கீழும் இருக்கிற இயங்குதளங்களை இடம் மாற்ற வேண்டும். அதற்கு ஹாஜியாரிடம் போய் உங்கள் மருமகன் போட்டதைக் கழற்றுகிறேன் என்று சொல்ல வேண்டும். எனக்குச் சங்கடமாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த ஒரு காரணம்தான். "மாசக் கடைசியில பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாதம் முடியுமுன் படம் ஓடிவிட்டது.

4. அட்டாளைச்சேனை

திங்கட்கிழமை ஃபரீதாவோடு றஸீனாவின் வீட்டுக்குப் போனேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தையல் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மூத்த மகள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை.

"ராத்தா, இண்டைக்கு வந்தே ஆகணும்" என்றார் ஃபரீதா.

"அங்க வந்தா எல்லாரும் எண்ட முகத்தையா பாக்கப்போறாங்க? நான் எந்த மெசின்ல படுக்கிற எண்டுதான் பாப்பாங்க."

"கூட இருந்து சாப்பிட்டா ஒட்டுற வருத்தம் இல்ல அது. டொக்டரும் எத்தனதரம் செல்லிட்டார்."

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு ஆர் செல்லுற?"

நான் சொல்கிறேன் என்றேன். அன்று பின்னேரமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கேற்றைப் பாதி திறந்து, டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்காமல், "அது முடிஞ்ச கத சேர்" என்று மூடிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவனை வாசலில் வைத்து அனுப்புவது சின்ன விஷயமல்ல. அந்த வீட்டை இன்றைக்குக் கடந்து போனாலும் எனக்கு இரத்தம் கொதிக்கும்.

அதற்கு முன், காலையிலேயே, றஸீனா ஒரு நிபந்தனையில் எழுந்தார். எங்கள் ஊருக்கு வர மாட்டார், மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு மட்டும் போவார். ஃபரீதா வேன் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சேர்த்த டொக்டர் ஃபரீதாவைத் தனியே அழைத்து, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டாராம்.

5. தோஹாவிலிருந்து ஒரு குரல்

அடுத்த நாள் காலை மஷூரா கூடியது.

"படம் எடுத்தவன் ஆரெண்டு முதல்ல கண்டுபுடிக்கணும்" என்றார் ஹாஜியார்.

"பிடிங்க. ஆனா அவன் பூட்டு உடைக்கல்ல ஹாஜியார். லெப்டொப்பத் துறந்து வைஃபை போட்டான், ஃபோல்டர் தெரிஞ்சிச்சு. நாமதான் துறந்து வச்ச."

இம்தியாஸை ஃபோனில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர் பொறுமையாகப் பேசினார்.

"மாமா, லொக் பதிவெல்லாம் பாத்துட்டன். முன் மேசை மெஷினால ஒண்டும் வெளிய போகல்ல. அதுல ஒரு பிழையும் இல்ல."

அவர் சொன்னது முழு உண்மை. அதுதான் என்னை எரித்தது.

"அப்ப மருமகண்ட மெஷின் சுத்தம்தானே?" என்றார் ஹாஜியார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். "சுத்தம்தான். ஒரு வேலையும் செய்யாத மெஷின் சுத்தமாத்தான் இரிக்கும். உங்கட வாப்பாட பேர ஒட்டின மெஷின் துறந்த நாள்ல இருந்து ஒரு ஸ்டிக்கரும் அடிக்கல்ல. அது அடிக்காததாலதான் அந்தப் பொம்புளட பேர் படிக்குக் கீழ போச்சு. அங்கயிருந்துதான் ஊருக்குப் போச்சு. உங்களுக்குச் செல்லத் தெரிஞ்சும் செல்லாம டீ குடிச்சிட்டுப் போனவன் நான். அதையும் எழுதிக்கங்க செயலாளர்."

செயலாளர் பேனாவை எடுக்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து இம்தியாஸின் குரல் வந்தது. "சேர் செல்லுறது சரி மாமா. நான் மெஷினத்தான் பாத்தன். ஆக்கள் அதுல என்ன செய்யிற எண்டு கேக்கல்ல. மாத்தட்டும்."

அந்த ஒரு பேச்சுக்காக நான் அந்தப் பிள்ளையை மன்னித்தேன்.

6. ஒரு நாள் வேலை

அன்றே மாற்றினேன். ஒன்பது மணிக்குக் கூட்டம் முடிந்தது, பத்துக்குத் தொடங்கினேன். முன் மேசைக் கணினியில் உபுண்டு போட்டேன், பிரிண்டரைச் செருகினேன், முதல் ஸ்டிக்கர் மதிய லுஹர் தொழுகைக்கு முன் வெளியே வந்தது. படிக்குக் கீழிருந்த பழைய பெட்டியைத் துடைத்து ஓபன்பிஎஸ்டி ஏற்றினேன். விதி முழுவதும் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. விருந்தாளி வைஃபையைத் தனியே பிரித்தேன், அங்கிருந்து உள்ளே ஒரு வழியும் இல்லை. நோயாளிப் பட்டியல் சேர்வரை விட்டு எங்கும் போகாதபடி செய்தேன். ஸ்டிக்கரில் இப்போது பெயரின் முதலெழுத்தும் இலக்கமும் மட்டும்தான், நோய் பற்றிய கட்டம் தாதிமாரின் பாஸ்வேர்டுக்குப் பின்னால். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கை கழுவிக்கொண்டிருந்தேன்.

புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை. அதே மூன்று பெட்டி, அதே மூன்று இயங்குதளம். இரண்டை இடம் மாற்றியதுதான் முழு வேலையும். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அடுத்த வாரம் ஹாஜியார் வந்து படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். "எஞ்சினியர், இதுதான் முக்கியமானது எண்டா, இந்த அலுமாரிக்கும் ஒரு கண்ணாடிக் கதவு போடுவமா? ஒரு பலகையும்..."

"ஹாஜியார், இதுல பேர் போடுறதெண்டா ஒரு பேர்தான் போடலாம். அந்தப் பேர ஏற்கெனவே ஊர் முழுக்க ஒட்டியாச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வாங்கில் போய் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவரும் கெட்டவர் அல்ல. அந்த நிலையம் அவர் இல்லாவிட்டால் எழும்பியே இருக்காது. இருந்தாலும் அன்று எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை.

எந்த இயங்குதளம் நல்லது என்று இப்போதும் பிள்ளைகள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது: அந்தக் கதிரையில் யார் இருக்கப்போகிறார்? அவர் கையில் என்ன இருக்கும், பேனாவா, ஊசியா? அந்தப் பெட்டி நின்றுபோனால் யாருடைய வேலை நிற்கும், திறந்துபோனால் யாருடைய வீட்டில் அழுகை கேட்கும்? இதற்குப் பதில் சொல்லாமல் ஃப்ரீயா, ஓபனா, லினக்ஸா என்று சண்டை பிடிக்கிறவர்களை நான் டீ கொடுத்து அனுப்பிவிடுவேன்.

றஸீனா எங்கள் நிலையத்துக்குத் திரும்பி வரவேயில்லை. வாரத்தில் மூன்று நாள் அட்டாளைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் வருகிறார். வழியில் எங்களுடைய நிலையத்தைத் தாண்டித்தான் பஸ் போகும். ஒரு புதன்கிழமை கல்முனை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மட்டக்களப்பு பஸ்ஸில், ஜன்னலோரம் இருந்தார். கிட்டப் போய் ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார்.

"எல்லாம் சரி செஞ்சிட்டீங்களாம். ஃபரீதா செல்லிச்சு" என்றார்.

"ஓம் ராத்தா. இனிப் பயமில்லாம வரலாம்."

அவர் சிரித்த மாதிரித்தான் இருந்தது. "அண்டைக்கு மைக்ல செல்லினீங்க, எது அழிஞ்சாலும் நேத்து இருந்தபடி திருப்பி எடுக்கலாமெண்டு. நான் கேட்டன், எல்லாத்தையுமா எண்டு."

கண்டக்டர் மணி அடித்தார், பஸ் நகர்ந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மஷூராக்களில் நான் ஸலவாத்துக்கு முன்பாக எழுந்து நின்று, பிழை என்று பட்டதைச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை கூட்டம் கலைந்தே போனது. டீ வந்தது. நான் குடிக்காமல் நின்றேன்.